மச்சாவதார ஆபீஸ்

ஸ்ரீரங்கத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மீன் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மார்க்கெட்டுக்குப் போய்வந்த கதையைச் சொல்லும்போதுகூட, ‘அது விக்கிற பக்கம்’ என்று கையை வீசித் தாண்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டு மருமகளுக்கு, எழுபதுகளின் நடுவில், திருச்சியில் மீன்துறை அலுவலகத்தில் கிளார்க் வேலை கிடைத்தது. பெருமாளுக்கு விளையாட்டுப் புத்தி அதிகம் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

உத்தரவு வந்த அன்று மாமியார் அதை மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ‘சர்க்கார் உத்தியோகம்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். வீதியில் கேட்டவர்களிடம் முதலில், ஏதோ ஜலம் சம்பந்தப்பட்ட ஆபீஸ் என்றார். எதிர்வீட்டு மாமி விடவில்லை. குடிதண்ணீரா, பாசனமா, சாக்கடையா என்று ஒவ்வொன்றாகத் துருவினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைசியில் மாமியார் நிமிர்ந்து நின்று, ‘மச்சாவதார ஆபீஸ்’ என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீதிக்கே என் அலுவலகத்தின் பெயர் அதுதான். பால்காரர்கூட, மச்சாவதாரம் இன்றைக்கு லீவா என்று விசாரிப்பார்.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தால் கொல்லைப்புறமாகத்தான் நுழைய வேண்டும். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஆபீஸ் புடவையைத் தனிக் கொடியில் போட்டுவிட்டு, அப்புறம்தான் உள்ளே. நான் தொடுவது காகிதம்தானே, காகிதம் நாறுமா என்று ஒருநாள் மாமியாரிடம் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். ‘காகிதம் நாறாது, அதுல எழுதியிருக்கறது நாறும்’ என்றார். அவருக்கு என்னைவிட நீளம்.

உண்மையில் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முக்கொம்பில் காவேரியும் கொள்ளிடமும் பிரிந்து, ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வரைக்கும், ஆற்றில் யார் எதை வைத்துப் பிடிக்கலாம் என்பதற்கு நாங்கள் லைசென்ஸ் கொடுத்தோம். வலை என்றால் அதன் கண் ஒரு அளவுக்குக் கீழே போகக்கூடாது. பறி என்றால் ஒரு லைசென்சுக்கு இருபதுதான். பறி என்பது மூங்கில் சிம்பில் முடைந்த நீளக் கூடு. வாய் வழியாக உள்ளே போன இறால் திரும்பி வர முடியாது. ஒவ்வொரு பறியிலும் எண் போட்ட தகர வில்லை ஒன்று தொங்க வேண்டும். சுத்தியலை வைத்து அந்த எண்களை அடித்தது நான்தான். மாமியாரிடம் அதைச் சொன்னதில்லை.

ஆடியும் ஆவணியும் பறிக்கு அடைப்பு. புதுத் தண்ணீர் வரும்போது ஆற்று இறால் சினைப்பட்டிருக்கும். தப்பித் தவறிச் சிக்கினால் உயிரோடு உடனே ஆற்றில் விட்டுவிட வேண்டும். அப்படியில்லாமல் ஒரே ஒரு சினை இறால் கையில் அகப்பட்டாலும் லைசென்ஸ் ரத்து. பிறகு ஜென்மத்துக்கும் கிடையாது.

எங்கள் இன்ஸ்பெக்டர் பாலக்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கர். நல்ல மனிதர், விதி என்று வந்துவிட்டால் மட்டும் கல். இறால் என்றால் அவருக்கு உயிர். ஆனால் அடைப்பு மாதங்களில் கடலிலிருந்து வந்த இறாலைக்கூட வீட்டில் சமைக்க விடமாட்டார். எவனாவது பார்த்துவிட்டு ஊருக்குத்தான் உபதேசம் என்று சொல்லிவிடுவானாம். இருபது பறி போதாது என்று கொள்ளிடக்கரைக்காரர்கள் சண்டைக்கு வரும்போதெல்லாம், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது உங்களுக்குத்தான் என்பார். அந்தப் பழமொழி இவ்வளவு நேரடியாகப் பொருந்துகிற இலாகா வேறு இருக்காது.

லைசென்ஸ் வைத்திருந்தவர்களில் ஒரே ஒரு பெண் இருந்தார். அவரை நான் பறிக்கார அம்மா என்றுதான் நினைத்துக்கொள்வேன். கொள்ளிடக்கரையில் வீடு. பாலத்தருகே லாரி மோதி அவருடைய வீட்டுக்காரரின் கால் போய்விட்டது. அவர் வீட்டில் உட்கார்ந்தபடி பறி முடைவார். இந்த அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வைத்துவிட்டு வருவார். புருஷன் பெயரிலிருந்த லைசென்சைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அலுவலகத்துக்கு வந்து நின்றபோது, இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். பொம்பளைக்குக் கொடுத்ததில்லையே என்றார். கொடுக்கக்கூடாது என்று எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். விதியில் ‘நபர்’ என்றுதான் இருந்தது. அவர் யோசித்துவிட்டு, சரி, நபர்தானே என்று கையெழுத்துப் போட்டார். அச்சடித்த தாளில் ‘மகன்’ என்றிருந்ததை அடித்து ‘மகள்’ என்று டைப் செய்து கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு ஆபீசில் இருப்பவர் எல்லோருமே ‘சார்’, நானும் சார்தான். ‘நீங்க நல்லா இருக்கணும் சார்’ என்று சொல்லிவிட்டு, தகர வில்லைகளை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அந்த வீட்டு அடுப்பு எரிந்தது அந்த வில்லைகளால்தான்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, என் வீட்டில் வேறொரு காத்திருப்பு. கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. உண்டானதெல்லாம் தங்காமல் போயிற்று. மாமியார் ஒரு வார்த்தை குத்திச் சொன்னதில்லை. தாயார் சன்னதிக்குப் போகிற வெள்ளிக்கிழமைகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. பிறகு ஒரு தடவை தங்கியது. நாலாம் மாதம் தாண்டி, ஐந்தும் பிறந்தபோது எனக்கே நம்பிக்கை வந்தது. ஆபீசுக்குப் போக வேண்டாம் என்றார்கள். உட்கார்ந்து எழுதும் வேலைதானே என்று போனேன். என் கணவர் பொன்மலையில் வேலை பார்த்தார். காலையில் என்னைப் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் உட்காரவைத்துவிட்டுத்தான் அவர் பஸ்ஸைப் பிடிப்பார்.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில், அடைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு வருவதற்காகக் கொள்ளிடக்கரைக்கு ஜீப் போயிற்று. கூட்டத்தில் வந்தவர்கள் கைநாட்டு வைக்க வேண்டும் என்பதால் நானும் போனேன். மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் அறிவிப்பை வாசித்தார். இனப்பெருக்கப் பருவத்தில் சினையுற்ற இறால்களைப் பிடித்தலோ, வைத்திருத்தலோ, கொண்டுசெல்லுதலோ, விற்றலோ குற்றமாகும் என்று மூச்சு விடாமல் வாசித்து முடித்தார். ஒரு பெரியவர் ரொம்ப மரியாதையாக எழுந்து, ‘அப்ப தின்னுக்கலாமா சார்?’ என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. இன்ஸ்பெக்டர் திரும்பித் தாளைப் பார்த்தார். உண்மையிலேயே ‘தின்னுதல்’ அதில் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றங்கரையில் எதற்குக் காப்பரிசி வைக்கிறோம் என்று கேட்டேன். ஆத்தா மசக்கையாக இருக்கிறாள் என்று பெண்கள் சொன்னார்கள். அதே மாதம்தான் அவளுக்குள் இருக்கிற இறாலும் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறது, பெருமாளே இந்த மாதத்தில் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி அவளுக்குச் சீர் கொடுக்கிறார், நாம் பறியைக் கொண்டுபோய் வைக்கலாமா என்றேன். யாரும் சிரிக்கவில்லை. வயிறு தெரிய நின்றுகொண்டு பேசினதால் பேச்சுக்கு ஒரு கனம் வந்ததோ என்னவோ. பெரியவர், ‘இப்படிச் சொன்னா புரியுது’ என்று உட்கார்ந்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் நீளம் என்று முன்னாலேயே சொன்னேன். கைநாட்டு வாங்கும்போது பறிக்கார அம்மா பக்கத்தில் நின்றார். அவரிடம், ‘இத்தனை வருஷமா சினை இறால் சினை இறால்னு எழுதறேன். ஒண்ணக்கூட கண்ணால பாத்ததில்லைங்க. எப்படி இருக்கும்னு பாக்க ஆசையா இருக்கு’ என்றேன்.

பக்கத்திலிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பறிக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார். நானும் ஜீப்பில் ஏறி வந்துவிட்டேன்.

ஆடிப் பதினெட்டு வந்தது. அந்த வருஷம் மழை நல்ல மழை. காவேரி கரை புரண்டது. கொள்ளிடத்திலும் தண்ணீர் விட்டிருந்தார்கள். வீட்டில் புளியோதரை, தேங்காய்ச் சாதம், தத்யோன்னம் எல்லாம் காலையிலேயே ஆகிவிட்டன. மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார், என் கணவருக்கு அன்றைக்கு லீவு இல்லை. நானும் மாமியாரும் அம்மா மண்டபத்துக்குக் கிளம்பத் தயாரானோம். மாமியார் மடிசாரில், கையில் பித்தளைத் தூக்குடன் நின்றார். வருஷாவருஷம் பதினெட்டாம் பெருக்குக்கு அந்தத் தூக்கில்தான் காவேரித் தீர்த்தம் வரும். வேறு எதற்கும் அதை யாரும் தொடக்கூடாது.

அப்போது கொல்லைக் கதவு தட்டப்பட்டது. மாமியார் போய்த் திறந்தார். தலையில் கீரைக்கூடையோடு பறிக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். கீரை வேண்டாம் என்று மாமியார் கதவைச் சாத்தப் போனார். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே வந்து, கூடையை இறக்கி, மேலே இருந்த கீரையை ஒதுக்கினார். அடியில் வாழையிலை மூடிய மண்சட்டி. இலையை எடுத்தார். தண்ணீரில் ஏதோ அசைந்தது.

அடைப்பு மாதத்தில், லைசென்ஸ் கொடுத்த இலாகாவின் கிளார்க் வீட்டுக் கொல்லையில், ஸ்ரீரங்கத்தில், பதினெட்டாம் பெருக்கு அன்று ஒரு சினை இறால். விதியை மீற இதைவிடப் பொருத்தமான இடத்தை யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

மாமியார் இரண்டடி பின்னால் போய்விட்டார். ‘இதை எதுக்கு எங்காத்துக்குக் கொண்டு வந்தே?’ என்று கேட்டார்.

பறிக்கார அம்மாவுக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. ‘உங்க ஆத்துல இல்லைங்கம்மா, கொள்ளிடத்து ஆத்துலதான் புடிச்சேன்’ என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். நான் ஆசைப்பட்டதைக் கேட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கமில்லையாம். அடைப்பு விழுந்த பிறகுதான் நல்ல சினை கிடைக்கும் என்பதால் பொறுத்திருந்தாராம். வில்லை இல்லாத பழைய பறி ஒன்றை வைத்து எடுத்தாராம். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்தார். அரைத்த மசாலா. எங்கள் அடுப்பில் ஆகாது என்று தெரியும், கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டித் தானே ஆக்கிக் கொடுத்துவிட்டுச் சட்டியைக் கையோடு கொண்டுபோய்விடுவதாகச் சொன்னார்.

பார்க்கத்தானே ஆசை என்று சொன்னேன் என்றேன்.

‘உங்க வூட்டுப் பொம்பளைங்க திங்கணும்னு வாயால கேப்பீங்களா? பாக்கணும்னுதான் கேப்பீங்க’ என்றார். எவ்வளவு நயமான மனசு. நான் கேட்காத ஒன்றை, கேட்கக் கூச்சப்படுகிறேன் என்று எண்ணி, எனக்காகக் கேட்டுக்கொண்டவர் அவர்.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். வழியில் யாராவது கூடையைப் பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், லைசென்ஸ் போனால் மறுபடி கிடைக்காது என்று தெரியாதா, வீட்டில் காலில்லாத மனுஷன் என்ன செய்வார் என்று கத்தாத குறையாகக் கேட்டேன். பாலத்தருகே ஜீப் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் சுற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அப்படியும் திரும்பிப் போகத் தோன்றவில்லையா என்றேன்.

‘லைசென்ஸ் போனா நாலு வூட்ல பாத்திரம் தேய்ப்பேன் கண்ணு. நீ ஆசைப்பட்டு நான் தராம, பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழ் வடிஞ்சா என்ன செய்வேன்?’

அதுவரை சார் என்று கூப்பிட்டவர். அந்தக் ‘கண்ணு’வில் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற தாய் இருந்திருந்தால் இப்படித்தான் கிறுக்குத்தனமாக எதையாவது செய்திருப்பாள் என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆபீஸ் காகிதத்துக்கே கிணற்றடியில் குளிக்கச் சொல்லும் மாமியார் பார்த்துக்கொண்டு நின்றார்.

காதில் சீழ் என்ற சொல் அவரையும் தொட்டிருந்தது. மசக்கைக்காரி ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் பிள்ளைக்குக் காது வடியும் என்பதில் கொள்ளிடக்கரைக்கும் சன்னதித் தெருவுக்கும் வித்தியாசம் கிடையாது. மாமியார் என்னிடம் வந்தார்.

‘ஏண்டி, ஆசைன்னு சொன்னியா?’

‘சொன்னேம்மா. பார்க்கணும்னுதான்.’

‘அப்போ பார். நன்னாப் பார்த்துக்கோ. பாக்கி வைக்காதே’ என்றார். தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு துளசி மாடத்தைப் பார்த்து நின்றார்.

நான் குனிந்து உட்கார்ந்து பார்த்தேன். என் சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நீலம் ஓடிய கால்கள். வயிற்றுக்குக் கீழே வாலை மடித்து, அந்த மடிப்புக்குள் கசகசாவை அள்ளி வைத்த மாதிரி முட்டைகள். அவற்றின் நடுவே சின்னச் சின்னக் கால்கள் ஓயாமல் விசிறிக்கொண்டே இருந்தன. முட்டைக்கு மூச்சு முட்டாமல் இருப்பதற்காக அப்படிச் செய்யும் என்று பறிக்கார அம்மா சொன்னார். பிடித்துச் சட்டியில் போட்டு, தலையில் சுமந்து, ஊரைச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை. ‘சினையுற்ற’ என்று எத்தனை தாளில் டைப் செய்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு பாடு இருக்கும் என்று நினைத்ததில்லை.

பார்த்தாயிற்று. இனி இதை என்ன செய்வது? உயிரோடு உடனே ஆற்றில் விட வேண்டும் என்பது விதி. உடனே என்றால் எவ்வளவு நேரம் என்று நல்ல வேளையாக விதியில் இல்லை. கொள்ளிடத்துக்குத் திரும்பக் கொண்டுபோக முடியாது, ஜீப் நிற்கிறது. சட்டித் தண்ணீர் வேறு சூடாகிக்கொண்டிருந்தது. நான் கொண்டுபோகிறேன் என்றேன். ஆபீஸ்காரி கையில் அகப்பட்டால் இன்னும் வம்பு என்று பறிக்கார அம்மா விடவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்கும்போது மாமியார் திரும்பினார். பித்தளைத் தூக்கின் மூடியைத் திறந்து தரையில் வைத்தார்.

‘இதுல விடச் சொல்லு’ என்றார்.

நான் அந்தத் தூக்கையும் அவரையும் பார்த்தேன். ‘ஏன் முழிக்கறே? ஆடிக்கு நான் தூக்கோட போறதை வருஷாவருஷம் எல்லாரும் பார்க்கறா. யார் கேக்கப் போறா?’ என்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று பலரைச் சொல்வார்கள். மீன் பெயரையே சொல்லாத என் மாமியார் அந்த வகை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று பேரும் கிளம்பினோம். மாமியார் முன்னால், சித்திரான்னக் கூடையோடு நான் அடுத்து, கொஞ்சம் தள்ளிக் கீரைக்கூடையோடு பறிக்கார அம்மா. மொட்டைக் கோபுரத்தைத் தாண்டியதும் கூட்டம் நெரிந்தது. புதுப் பெண்கள், மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி விற்கிறவர்கள். தூக்கு மூடியை மாமியார் இடக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். உள்ளிருந்து டக் டக் என்று மெலிதாகச் சத்தம் வந்தது. மாமியார் வாயில் சுலோகம் வந்தது. சத்தம் கூடினால் சுலோகமும் கூடியது.

அம்மா மண்டபத்து வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் யாரும் வலை வீசிவிடக்கூடாது என்று தானே காவலுக்கு வந்திருக்கிறார். பின்னால் திரும்பிப் பார்த்தேன். பறிக்கார அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வளையல் கடைப் பக்கம் ஒதுங்கினார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துவிட்டு நேரே வந்தார். மாமியாருக்குக் கைகூப்பினார். இந்த நிலையில் இந்தக் கூட்டத்தில் வரலாமா என்று என்னை அன்பாகக் கடிந்துகொண்டார். பிறகு மாமியாரைப் பார்த்து, ‘கனமா இருக்கு போலயே. குடுங்கம்மா, படி வரைக்கும் நான் கொண்டாறேன்’ என்று கையை நீட்டினார்.

மாமியார் தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். ‘வேண்டாம்ப்பா. மடி’ என்றார்.

அவர் உடனே கையை இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மடியாவது மண்ணாவது, உள்ளே இறால் உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து அது டக் என்று ஓர் அடி அடித்தது. இன்ஸ்பெக்டர் தூக்கைப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டார். சும்மா, பேச்சுக்குக் கேட்டதுதான்.

மாமியார் கண் இமைக்கவில்லை. ‘பெருமாள்தான். மச்சாவதாரம்’ என்றார்.

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கழற்றினார். தூக்குக்கு முன் தலையைக் குனிந்து கும்பிட்டார். தானே கூட்டத்தை விலக்கி, வழிவிடுங்க, சாமி போகுது என்று சொல்லிப் படித்துறை வரை கொண்டுவந்து விட்டார். அவ்வளவு நல்ல மனிதரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் நான் நடந்தேன்.

கூட்டத்தை விட்டுத் தள்ளி, தண்ணீர் தேங்கி நின்ற ஓரப் படிக்கு இறங்கினோம். பறிக்கார அம்மா எங்கிருந்தோ வந்து சேர்ந்தார். கொட்டக்கூடாது, தூக்கைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்தால் அதுவே போய்விடும் என்றார். மாமியார் குனிந்து சாய்த்தார். தூக்கின் கனம் ஒரு பக்கமாக இழுத்தது. பறிக்கார அம்மா தன் கையை அந்தக் கையின் அடியில் கொடுத்துத் தாங்கினார். மடி என்று மாமியார் சொல்லவில்லை. இறால் பின்பக்கமாக நகர்ந்து, கொஞ்சம் நின்று, கல்லிடுக்குக்குள் போயிற்று. மாமியார் காப்பரிசியில் ஒரு கை அள்ளி அந்த இடத்திலேயே போட்டார்.

பிறகு தூக்கை ஆற்றிலேயே அலம்பி, அதிலேயே தீர்த்தம் எடுத்து மூடினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, ‘நான் ஒண்ணும் பொய் சொல்லலை’ என்றார். சித்திரான்னத்தைப் பிரித்தபோது முதல் இலையைப் பறிக்கார அம்மாவுக்குக் கொடுத்தார். மூன்று பேரும் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புளியோதரைக்கு அந்த அம்மா முந்தானையில் இருந்த இறால் மசாலா சேராது என்று நான் சொன்னதற்கு இரண்டு பேருமே என்னை முறைத்தார்கள்.

கார்த்திகையில் எனக்குப் பெண் பிறந்தது. பறிக்கார அம்மாவின் லைசென்ஸ் ஒரு வருஷமும் விட்டுப்போகவில்லை. நான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன எண்பதுகளின் கடைசி வரை, அவருடைய இருபது வில்லைகளுக்கும் நான்தான் எண் அடித்தேன். ஆனி மாதக் கூட்டங்களில் அடைப்பைப் பற்றி நான் பேச வேண்டியிருக்கவில்லை. அவரே எழுந்து பேசினார். சினை இறாலைத் தொட்டவன் வீட்டில் வந்து நின்று திட்டுவேன் என்றும் சொல்லுவார்.

குழந்தைக்குப் பல் முளைக்கிற காலத்தில் ஒருநாள் காதில் சீழ் வந்தது. புத்தூரில் டாக்டரிடம் காட்டினோம். சளி இறங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொட்டு மருந்து கொடுத்தார். அதைப் பறிக்கார அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று மாமியார் எனக்குக் கண்டிப்பாகச் சொன்னார். மத்தியானம் குழந்தை மாமியார் மடியில் சிணுங்கிக்கொண்டு படுத்திருந்தது. அவர் அதன் காதில் பஞ்சை மாற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

‘அன்னிக்கு அவ அவ்வளவு ஆசையாக் கொண்டு வந்தா. அந்த இறாலை நீ ஒரு வாய் சாப்ட்டிருக்கலாமோ என்னமோ.’